ஒளிப்படத்தை எல்லாப் பாடங்களுக்கும் பயன்படுத்த முடியுமா?

ஆசிரியரின் கைப்பேசி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எந்தெந்தப் பாடங்களை ஒளிப்படத்தின் வழியே நடத்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் இருப்பவர் வரலாற்றிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1858இல் மதுரையின் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படம் எடுத்தார். அவற்றுள் மகாலின் படம் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்து, அவர் நின்றிருக்கக்கூடிய இடத்தை மாணவர்களே தேடிக் கண்டுபிடித்து, அதே கோணத்தில் இன்று படம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் அருகருகே வைத்து எது மாறியது, எது சீரமைக்கப்பட்டது என்று அவர்கள் கேட்கத் தொடங்கும்போது, சான்றுகளை ஒப்பிடும் பழக்கம் தானாகவே வந்துவிடும்.

கணிதத்துக்கு ஒரு பனைமரம் போதும். 150 செ.மீ. உயரமுள்ள மாணவி மரத்தை ஒட்டி நிற்க, தொலைவிலிருந்து படம் எடுங்கள். அச்சில் அவள் 2 செ.மீ., மரம் 16 செ.மீ. என்றால், மரத்தின் உயரம் 12 மீட்டர். மிக அருகிலிருந்து அண்ணாந்து எடுத்தால் விகிதம் பிழைபடும். அப்பிழைக்குக் காரணம் தேடுவதும் பாடமே.

அறிவியலுக்கு, ஊர்க் கண்மாயை ஒரே இடத்தில் நின்று வாரந்தோறும் எடுத்து, நீர்மட்டத்தையும் வந்துபோகும் பறவைகளையும் குறிக்கச் செய்யலாம். தமிழ் வகுப்பில் படத்தைப் பார்க்காதவருக்கு அதை எழுத்தில் காட்டச் சொல்லலாம். மனிதர்களை எடுப்பதற்கு முன் அவர்களின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்பதை முதல் நாளே கற்பித்துவிடுங்கள்.