பிரெஞ்சு மருந்தகத்தில் குறைந்த செலவில் சருமப் பராமரிப்பு: கேள்வி பதில்

பாரிஸில் ஒரு மருந்தகத்தின் சருமப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். வாசகர்கள் கேட்டவற்றுக்கு, கடையில் நிற்பவர்களுக்குச் சொல்வதைப் போலவே இங்கும் பதில் சொல்கிறேன்.

கேள்வி (திருச்சி வாசகி): அக்கா, அடுத்த மாதம் பாரிஸுக்கு வருகிறேன். போய் வந்தவர்கள் எல்லோரும் மருந்துக்கடையில் கிரீம் வாங்கச் சொல்கிறார்கள். எந்தக் கடைக்குப் போவது?

பதில்: பச்சைச் சிலுவை விளக்கு எரிந்தால் அது மருந்தகம். பட்டம் பெற்ற மருந்தாளுநர்கள் மட்டுமே அதன் உரிமையாளராக இருக்கலாம் என்பது பிரெஞ்சுச் சட்டம். அதனால் ஒரே நிறுவனம் ஊரெங்கும் கிளை திறப்பதில்லை. தெருவுக்குத் தெரு தனி முதலாளிதான். கிரீம், சன்ஸ்கிரீன் ஆகியவற்றுக்கு அரசு விலை வைப்பதும் இல்லை. ஒரே பாட்டில் ஒரு கடையில் ஒரு விலைக்கும், நூறடி தள்ளி வேறு விலைக்கும் விற்பது இதனால்தான். சுற்றுலா இடங்களை ஒட்டிய கடையில் நுழைந்ததும் வாங்கிவிடாதீர்கள்.

ஆறாம் வட்டாரத்தில் ரூ து ஃபூர் தெருவில் இருக்கும் சிட்டிஃபார்மா, குறைந்த விலைக்குப் பெயர்போனது. சனிக்கிழமை அங்கே கால் வைக்க இடமிருக்காது. வார நாளில், கடை திறந்ததும் போய்விடுங்கள். ‘பாராஃபார்மசி’ என்று பலகை வைத்த கடைகளிலும், லெக்லேர் போன்ற பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் அதே பெயரில் இருக்கும் பகுதியிலும் இதே பிராண்டுகள் கிடைக்கும். மருந்துகள் மட்டும் அங்கே விற்கக்கூடாது.

கேள்வி (லியோனில் படிக்கும் மாணவி): குளிர்காலம் தொடங்கியதிலிருந்து கை, கால் எல்லாம் வெடித்து எரிகிறது. கையில் பணம் குறைவு. எதை வாங்கினால் போதும்?

பதில்: பயப்பட ஒன்றுமில்லை, அம்மா. கண்ணுக்கு அழகான டப்பாக்களை விட்டுவிட்டுத் தெக்ஸெரில் என்று கேளுங்கள். 15 சதவீதம் கிளிசரின், 8 சதவீதம் வாசலின், 2 சதவீதம் திரவ பாரஃபின், சாரம் அவ்வளவுதான். மருத்துவர்கள் எக்ஸிமா உள்ளவர்களுக்கு எழுதித் தரும் கிரீம் இது. 250 கிராம் டியூப் பெரும்பாலும் பத்து யூரோவுக்குள் கிடைக்கும். இதே கலவையில் வேறு பெயர்களிலும் வருகிறது. “இதைவிட விலை குறைந்தது இருக்கிறதா” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இங்கே யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்; நாங்களே எடுத்துத் தருவோம்.

எப்படிப் பூசுகிறீர்கள் என்பது எதைப் பூசுகிறீர்கள் என்பதைவிட முக்கியம். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் நெடுநேரம் நிற்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் குளித்துத் துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் தடவுங்கள். காய்ந்த தோலில் தடவினால் பாதிப் பலன்தான். வெடித்து ரணமாகிவிட்ட இடத்துக்கு மட்டும் லா ரோஷ்-போஸேயின் சிக்காபிளாஸ்ட் அல்லது அவேனின் சிக்கால்ஃபாத் சிறிய டியூபாக வாங்கிக்கொள்ளுங்கள். உடம்பு முழுவதற்கும் அதை வாங்கினால் கட்டுப்படியாகாது.

உதட்டுக்கு ஓமியோபிளாஸ்மின் வேண்டும் என்று பலர் கேட்டு வருகிறார்கள். ஒப்பனைக் கலைஞர்களால் புகழ்பெற்ற டியூப் அது. ஆனால் அது போரிக் அமிலம் சேர்ந்த மருந்து என்பதால் குழந்தைகளுக்குப் பூசக்கூடாது. உதடு வெடிப்புக்குச் சாதாரண வாசலினே போதும் என்பதுதான் என் கருத்து.

கேள்வி (புதுச்சேரி வாசகி): மேக்கப்பையும் அழுக்கையும் துடைக்கும் மைசெல்லர் வாட்டரால் துடைத்தபின் முகம் கழுவ வேண்டாமா?

பதில்: கழுவத் தேவையில்லை என்றுதான் பாட்டிலில் எழுதியிருக்கிறது. பியோதெர்மா நிறுவனம் 1990களில் இதைக் கொண்டுவந்தபோது, தண்ணீர் பட்டாலே எரியும் தோல் உள்ளவர்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. பாரிஸ் குழாய் நீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் முகத்தில் தண்ணீர் படாமல் துடைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கே இன்றும் இருக்கிறது. ஆனாலும் அந்த நீரில் அழுக்கைப் பிடித்து இழுப்பவை மென்மையான சோப்பு வகை மூலக்கூறுகள்தான். அவை முகத்தில் தங்கினால் சிலருக்கு உறுத்தும். உங்கள் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் கழுவிவிடுவதே நல்லது.

இன்னும் மலிவாக வேண்டுமானால் லினிமான் கேளுங்கள். ஆலிவ் எண்ணெயும் சுண்ணாம்புத் தெளிநீரும் சம அளவு கலந்தது. குழந்தைகளின் டயப்பர் மாற்றும்போது துடைப்பதற்காக இங்குள்ள தாய்மார்கள் பெரிய பாட்டிலாக வாங்குவார்கள். மேக்கப்பையும் மையையும் நன்றாக எடுக்கும். எண்ணெய் வழியும் முகத்துக்கும் பரு உள்ளவர்களுக்கும் வேண்டாம்.

கேள்வி (பாரிஸ் 18ஆம் வட்டாரத்திலிருந்து): எந்த சன்ஸ்கிரீன் போட்டாலும் முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிறது. கன்னத்தில் மங்கும் இருக்கிறது. நம் நிறத்துக்கு ஏற்றது இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான், ஏனென்றால் பிரெஞ்சு மருந்தகத்தில் ஒன்றே ஒன்றுக்குப் பணம் செலவழியுங்கள் என்றால் சன்ஸ்கிரீனைத்தான் காட்டுவேன்.

அந்தச் சாம்பல் பூச்சுக்குக் காரணம் ஜிங்க் ஆக்ஸைடும் டைட்டானியம் டை ஆக்ஸைடும். டியூபின் பின்புறம் வெயிலைத் தடுக்கும் வடிகட்டிகளாக அவை மட்டுமே இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். லா ரோஷ்-போஸேயின் ஆந்தேலியோஸ் வரிசையில், குறிப்பாக 2022இல் வந்த யூவிமியூன் 400 திரவம், நம் தோலில் தடம் தெரியாமல் படியும். அதன் விலை அதிகம் என்றால் வேறு பிராண்டுகளின் 50+ (வெயில் பாதுகாப்பு எண்) திரவ வகைகளைக் கையில் தடவிப் பாருங்கள். சோதனை டியூப் பெரும்பாலும் அலமாரியிலேயே இருக்கும்.

டியூபில் வட்டத்துக்குள் யூ.வி.ஏ. என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். வெயிலில் தோல் சிவப்பதைத் தடுக்கும் அளவில் மூன்றில் ஒரு பங்காவது யூ.வி.ஏ. கதிருக்கும் பாதுகாப்பு உண்டு என்பதற்கான ஐரோப்பிய அடையாளம் அது.

மங்கு உள்ளவர்களுக்குக் கூடுதலாக ஒரு செய்தி: கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கருக்க வைக்கும். அதைத் தடுப்பது இரும்பு ஆக்ஸைடு சேர்ந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன். ஆனால் பலவும் ஒரே வெளிர் நிறத்தில் வருவதால் நமக்குப் பொருந்துவதில்லை. நிறமற்றதைப் பூசி, அதன்மேல் உங்கள் நிறத்திலான பவுண்டேஷன் போட்டுக்கொள்வதும் ஒரு வழி. இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுங்கள். அதைவிடக் குறைத்தால் 50 என்ற எண்ணுக்குப் பொருளில்லை.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): முகம் வெளுக்க மருந்தகத்தில் நல்ல கிரீம் எது? வேறு கடையில் ஒன்று வாங்கினேன், ஒரே வாரத்தில் பலன் தெரிந்தது.

பதில்: ஒரு வாரத்தில் வெளுத்தது என்றால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வெளுக்கும் கிரீம்களில் ஹைட்ரோகுவினோனுக்குத் தடை உண்டு. பாதரசத்துக்கும் தடை உண்டு. வீரியமான ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்க முடியாது. ஆனாலும் இவை கள்ளத்தனமாகச் சில அழகுப்பொருள் கடைகளில் மேசைக்கு அடியிலிருந்து எடுத்துத் தரப்படுகின்றன. தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, முன்பைவிடக் கறுத்து வருபவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. நெடுநாள் பூசியிருந்தால் திடீரென்று நிறுத்தாமல், டியூபை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் நிறத்தில் எந்தக் குறையும் இல்லை. கரும்புள்ளிதான் தொல்லை என்றால் தினமும் சன்ஸ்கிரீன், அதோடு நியாசினமைடு அல்லது அசெலாயிக் அமிலம் உள்ள கிரீம். மாதக் கணக்கில் பொறுமை வேண்டும்.

கேள்வி (மதுரை வாசகர்): அவேன் தண்ணீர் ஸ்பிரே வாங்கி வரலாமா?

பதில்: வேண்டாம், ஐயா. அவேனும் லா ரோஷ்-போஸேயும் உண்மையான ஊற்றுகள் உள்ள ஊர்கள். தோல் நோயாளிகள் அங்கே மூன்று வாரம் தங்கிச் சிகிச்சை பெறுகிறார்கள். அந்தச் சிகிச்சையை டப்பாவில் அடைத்துத் தர முடியாது. எரிச்சலைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல கிரீம் வரும்.

கேள்வி (சென்னை வாசகி): ஊருக்குப் பரிசாகக் கொண்டுபோக எது நல்லது?

பதில்: நுக்ஸின் உலர் எண்ணெய். மணமும் பாட்டிலும் அழகு, சிறிய அளவிலும் கிடைக்கும். வாசனை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் கொடுக்காதீர்கள். விமானத்தில் கைப்பையில் வைத்தால் 100 மில்லி விதியைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (லண்டன் வாசகி): பாரிஸின் தமிழ்க் கடைப்பகுதியான லாச்சப்பலில் சாமான் வாங்க யூரோஸ்டார் ரயிலில் வருவோம். எங்களுக்கு வரி திரும்பக் கிடைக்குமா? பிரெஞ்சு அவ்வளவாக வராது.

பதில்: பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால் இப்போது உங்களுக்கும் உண்டு. 16 வயதாகியிருக்க வேண்டும். ஒரே கடையில் வாங்கியது 100 யூரோவுக்கு மேல் போக வேண்டும். எல்லாக் கடையும் இதைச் செய்வதில்லை. எனவே பணம் கட்டுவதற்கு முன்பே ‘தெதாக்ஸ்’ (வரியைத் திரும்பப் பெறும் வசதி) உண்டா என்று கேட்டுப் பாஸ்போர்ட்டை நீட்டுங்கள். தரும் படிவத்தைக் கார் து நோர் நிலையத்தில், ரயிலுக்கான சோதனையைக் கடப்பதற்கு முன் ‘பாப்லோ’ என்ற சுங்கப் பதிவு இயந்திரத்தில் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். கட்டிய 20 சதவீத வரியும் முழுதாக வராது. இடைத்தரகர் கட்டணம் போகும். நூறைத் தொடுவதற்காகத் தேவையில்லாததைக் கூடையில் போடாதீர்கள்.

யூரோஸ்டாரில் கிரீம், தண்ணீர் பாட்டில்களுக்கு 100 மில்லி கட்டுப்பாடு இல்லை. பெரிய பாட்டிலாகவே வாங்கலாம், அதுதான் மலிவு. மொழி பற்றிக் கவலை வேண்டாம். உள்ளே வந்ததும் ‘பொன்ஷூர்’ சொல்லிவிட்டு, தோலைக் காட்டி ‘செஷ்’ என்றால் வறண்டது, ‘கிராஸ்’ என்றால் எண்ணெய்ப் பசை, ‘சான் பர்ஃபம்’ என்றால் வாசனை இல்லாதது. ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. வரிசையில் பின்னால் ஆள் நின்றாலும் தயங்காமல் கேளுங்கள்.