நீர்மூழ்கிக் கப்பலுக்கு மாற்றுப் பாகம் செய்யுமுன்

கேள்வி: எங்கள் தொழிற்கூடத்தில் துல்லியக் கடைசல் வேலை செய்கிறோம். அணுசக்தியால் இயங்கும் ஏவுகணை நீர்மூழ்கிகளுக்கு வால்வு, போல்ட் போன்ற மாற்றுப் பாகங்களைச் செய்து தரும் துணை ஒப்பந்தம் வரக்கூடும். அளவுகள் கடினமாகத் தெரியவில்லை. வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: இந்த வேலையின் கடுமை அளவில் இல்லை, பாகம் எந்த உலோகத்தால் ஆனது, எந்தச் சோதனைகளில் தேறியது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தும் ஆவணத்தால் நிறுவ முடிவதில் இருக்கிறது. விவரங்கள் வெளிப்படையாகக் கிடைக்கும் அமெரிக்கக் கடற்படையை வைத்தே விளக்குகிறேன். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள விதிகளே உங்களுக்கு இறுதியானவை.

1963 ஏப்ரல் 10 அன்று திரெஷர் என்ற தாக்குதல் நீர்மூழ்கி 129 பேருடன் மூழ்கியது. இயந்திர அறையில் கடல்நீர் செல்லும் குழாயின் இணைப்பு ஒன்று விட்டுப்போயிருக்கலாம் என்று விசாரணைக் குழு கருதியது. அதே ஆண்டில் தொடங்கப்பட்ட ‘சப்சேஃப்’ திட்டம், கடல்நீரைத் தடுத்து நிறுத்தும் பாகங்களுக்கும், ஆபத்தில் கப்பலை மேலே கொண்டுவரும் அமைப்புகளுக்கும் ஒரே நெறியை வகுத்தது: சரியாகச் செய்யப்பட்டது என்பதற்குச் சான்று இல்லாத பாகத்தை, அது எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஏற்கக் கூடாது.

ஆகவே மூலப்பொருள் வந்திறங்கும் நாளிலேயே உங்கள் பொறுப்பு தொடங்கிவிடுகிறது. நிக்கல்-செம்பு உலோகக்கலவையையும் துருப்பிடிக்காத எஃகையும் வெறும் கண்ணால் பார்த்துப் பிரிப்பது எளிதன்று. விற்றவரின் சான்றிதழை மட்டும் நம்பாமல், உலோகத்தில் என்னென்ன கலந்துள்ளன என்று காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் சோதித்துக்கொள்ளுங்கள். கம்பியை வெட்டும் முன்பே அதன் ஹீட் எண்ணை (அது எந்த உருக்கலில் உருவான உலோகம் என்று காட்டும் எண்) ஒவ்வொரு துண்டுக்கும் மாற்றிப் பொறியுங்கள். மிச்சத் துண்டுகளைப் பிற வேலைகளுக்கான பொருளோடு கலக்காமல் பூட்டி வையுங்கள். எண் அழிந்த துண்டைப் பயன்படுத்தாதீர்கள். வார்ப்பில் தெரியும் சிறு துளையை வெல்டிங் செய்து அடைப்பதும், ‘இதைவிடத் தரமானது’ என்று வேறு உலோகத்தைப் போடுவதும் எழுத்து மூலம் அனுமதி பெறாமல் செய்யக் கூடாதவை.

சோதனை முடிவைத் திருத்துவதை நான் எந்த நிலையிலும் பொறுக்கமாட்டேன். அமெரிக்காவின் டகோமா நகர வார்ப்பாலை ஒன்றில், நீர்மூழ்கிகளுக்கான எஃகு வார்ப்புகளின் வலிமை, உடையாத்தன்மை பற்றிய முடிவுகள் 1985 முதல் 2017 வரை பொய்யாக எழுதப்பட்டுவந்தன. அம்பலமானபின் நிறுவனம் 2020இல் ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. அங்கு உலோகவியல் பொறுப்பில் இருந்தவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. தேறாத பாகத்தைத் தேறவில்லை என்று உடனே தெரிவித்தால் இழப்பு அந்த ஒரு பாகத்தோடு நின்றுவிடும்.

அவசரம் காட்டி உங்களை நெருக்குவார்கள். அதற்குக் காரணமும் உண்டு. அமெரிக்காவின் அணுசக்தி ஏவுகணை நீர்மூழ்கிகளான ஒஹையோ வகைக் கப்பல்களில் முதலாவது 1981இல் சேவைக்கு வந்தது. 30 ஆண்டுகளுக்கென வடிவமைக்கப்பட்ட அவற்றின் ஆயுளை 42 ஆண்டுகளாக நீட்டித்திருப்பதால், பழைய பாகங்களைச் செய்தவர்கள் சிலர் இன்று தொழிலிலேயே இருக்கமாட்டார்கள். இரண்டு ரோந்துகளுக்கு நடுவே பழுதுபார்ப்புக்கு ஏறக்குறைய ஒரு மாதமே கிடைக்கிறது. அதற்குள் பாகம் வராவிட்டால் இன்னொரு கப்பலிலிருந்து கழற்றிப் பொருத்த நேரலாம். அப்படியிருந்தும் சான்று முழுமையாகாத பாகத்தை அனுப்பாதீர்கள்.

விலை சொல்லும் முன் மூன்றைக் கேட்டுத் தெளியுங்கள்: ஆவணங்களை எத்தனை ஆண்டு காக்க வேண்டும், எந்தச் சோதனைகளை அவர்களது ஆய்வாளர் நேரில் பார்ப்பார், வெப்பப் பதனிடலை வெளியில் கொடுத்தால் அந்தக் கூடத்துக்கும் இதே விதிகள் பொருந்துமா. பொருந்தும் என்றால், அந்தக் கூடத்தின் பதிவேடுகளை நீங்களே போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.