ராணி எறும்பு சாப்பிடவில்லையா? அப்படியே விடுங்கள்

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். நவம்பர் மழைக்கு மறுநாள், இறக்கை உதிர்ந்த பெரிய கறுப்பு எறும்புகள் இரண்டை என் மகன் முற்றத்தில் பிடித்தான். மண்ணும் சர்க்கரையும் போட்ட ஜாம் பாட்டிலில் வைத்திருக்கிறான். இரண்டும் எதையும் தொடவில்லை. என்ன கொடுக்கலாம்?

பதில்: முதலில் அவை ஈசல்தானா என்று பார்த்துவிடுங்கள். அதே மழைக்கு ஈசலும் கிளம்பும். எறும்புக்கு இடை ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியிருக்கும். ஈசலுக்கு இடையும் ஒடுங்காது, கொம்பும் மடங்காது.

எறும்புதான் என்றால், இறக்கை உதிர்த்த இவை பெரும்பாலும் ராணிகள்தான். சர்க்கரையை இன்றே எடுத்துவிடுங்கள். அது பூஞ்சை பிடிக்கும், ராணிக்கு அதனால் பயனும் இல்லை. கட்டெறும்பு வகை ராணி மண்ணுக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, முதல் வேலைக்காரி எறும்புகள் வரும்வரை உண்ணாமலே இருக்கும். இனிப் பறக்கத் தேவையில்லாததால் இறக்கைத் தசைகள் கரையும். அதுவும் உடற்கொழுப்பும்தான் முட்டையிலிருந்து வரும் புழுக்களுக்கு ஊட்டமாகும். பட்டினி கிடக்கிறதே என்று தவிக்காதீர்கள், இயற்கை அதற்கு அப்படித்தான் வகுத்திருக்கிறது.

மண் வேண்டாம், உள்ளே நடப்பது தெரியாது. ஒரு சோதனைக்குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, தண்ணீரைத் தொடும்படி பஞ்சை இறுக அடையுங்கள். ராணியை விட்டு, வாயையும் பஞ்சால் மூடுங்கள். ஈரமும் காற்றும் இரண்டும் கிடைக்கும். இரண்டு ராணிகளுக்கும் தனித்தனிக் குழாய் கொடுங்கள். கட்டெறும்பு ராணிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று பொறுக்காது.

பிறகு கறுப்புத் துணி சுற்றி, யாரும் தட்டாத அலமாரியில் படுக்க வையுங்கள். புதுக் குடியைக் கெடுப்பது பெரும்பாலும் நம் ஆர்வம்தான். அடிக்கடி எடுத்து ஆட்டினால் ராணி தன் முட்டையைத் தானே தின்றுவிடும். வாரம் ஒருமுறை, சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிய விளக்கில் ஒரு நொடி பார்த்தால் போதும். எறும்புக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாகத் தெரியாது. உங்கள் ஊர்க் கோடைச் சூட்டுக்குத் தனியாக வெப்பமூட்ட வேண்டியதில்லை, வெயில் படாமல் இருந்தால் சரி. முட்டையிலிருந்து வேலைக்காரி வர ஒன்றரை முதல் இரண்டரை மாதமாவது ஆகும். மகனுக்கு அதை முன்னமே சொல்லிவையுங்கள்.

ஆனால் வேட்டையாடும் சில வகைகளில் ராணி வெளியே போய் இரை தேடும். நீண்ட தாடையும் தடித்த உடலுமாக இருந்து, குழாயில் ஓயாமல் அலைந்தால் அந்த வகையாக இருக்கலாம். கொன்ற சிறு பூச்சி ஒன்றை வைத்துப் பாருங்கள்.

வேலைக்காரிகள் வந்ததும் மூன்று நாளுக்கு ஒருமுறை, ஊசிமுனையளவு தேனைச் சிறு தகட்டில் வையுங்கள். புழுக்கள் வளர இறைச்சிச் சத்து வேண்டும்: வெந்நீரில் போட்டெடுத்த பழ ஈ, அல்லது மாவுப்புழுவின் சிறு துண்டு. மருந்தடித்த தோட்டத்துப் பூச்சி கூடவே கூடாது. மிச்சத்தை மறுநாளே எடுங்கள்.

பஞ்சு கறுத்தால் பிடுங்க வேண்டாம். புதுக் குழாயை வாயோடு வாய் பொருத்தி, பழையதை வெளிச்சத்தில் வைத்தால் தாமே குடிபெயரும். உங்கள் பக்கத்து வீடுகளில் புகும் பெருந்தலை எறும்புகள் மோப்பம் பிடித்து வந்தால் ஒரே இரவில் குழாயைச் சூறையாடிவிடும். அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திவையுங்கள்.