ஸ்கோர் எழுத இருவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை மாற்றலில் சின்ன ஊர் ஒன்றுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. மகளுக்கு வயது 14. வகுப்பில் மொத்தம் 22 பேர், எல்லாரும் முதல் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். யாரும் இவளிடம் வம்புக்கு வருவதில்லை, சேர்த்துக்கொள்வதும் இல்லை. இன்னொரு பெண்ணும் எப்போதும் தனியாகவே இருக்கிறாளாம். "அவளோடு சேர்ந்துகொள்ளேன்" என்று சொன்னேன். மகள் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் சொன்னதில் என்ன தப்பு? அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்த்துப் பேசட்டுமா?

ஒரு தாய்
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

யோசனை தப்பில்லை, அதை வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு. "உன்னையும் யாரும் சேர்க்கவில்லை, அவளையும் யாரும் சேர்க்கவில்லை" என்றுதான் அது அவள் காதில் விழுந்திருக்கும். அந்த அம்மாவிடம் நீங்கள் பேசினால் அந்தப் பெண்ணுக்கும் இதே சேதி போய்ச் சேரும். பேச வேண்டாம்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். தனிமையை விரும்பும் பிள்ளை வேறு, ஒதுக்கப்பட்ட பிள்ளை வேறு. குழு பிரித்து வேலை கொடுக்கும் நாளாகப் பார்த்துத் தலைவலி வருகிறது என்றால் பெரும்பாலும் இரண்டாவது வகை. பொருள்கள் கிழிந்து வருகின்றன, போன் ஒலித்தாலே முகம் மாறுகிறது என்றால் அது நட்பு சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல; நேரே பள்ளிக்குப் போய்ப் பேச வேண்டும். உங்கள் கடிதத்தில் அந்த அடையாளங்கள் இல்லை.

சின்ன ஊர்க்காரர்கள் மனம் குறுகியவர்கள் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமான விளக்கமாகவே படுகிறது. பத்துப் பெண்கள் இருக்கும் வகுப்பில் யார் யாரோடு உட்காருவது, யார் வாயாடி, யார் அழுமூஞ்சி என்பதெல்லாம் ஆறு வயதிலேயே முடிவாகிவிடுகிறது. புதிதாக வருகிறவளுக்கு அதில் காலியிடம் கிடையாது. ஆனால் வேலைகளில் காலியிடம் உண்டு. உளவியலாளர்கள் ரோஜர் பார்க்கரும் பால் கம்ப்பும் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துப் பள்ளிகளைப் பற்றி 1964-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. பெரிய பள்ளியில் ஓரத்தில் நிற்கும் மாணவனை யாரும் கூப்பிடுவதில்லை. சின்னப் பள்ளியில் அவனையும் கூப்பிட்டே ஆக வேண்டும், ஏனென்றால் ஆள் போதாது.

அடுத்தது நேரம். அதே கான்சாஸில் ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் 2018-இல் கணக்கிட்டுச் சொன்னது: அறிமுகம் சாதாரண நட்பாக ஏறக்குறைய 50 மணி நேரம், நெருங்கிய நட்பாக 200 மணி நேரத்துக்கு மேல். அவர் ஆராய்ந்தது இடம் மாறிய பெரியவர்களையும் கல்லூரி முதலாண்டு மாணவர்களையும்தான். 14 வயதுக்கு அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். இடைவேளையில் தினம் 20 நிமிடம் பேசினால் வாரத்துக்கு 100 நிமிடம். 50 மணி நேரம் சேர 30 வாரம் ஆகும். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் நேரம் இதில் பெரிதாகச் சேராது. பள்ளி விட்ட பிறகு வாரம் மூன்று நாள் ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் அதே 50 மணி ஏறக்குறைய பதினொரு வாரத்தில் சேர்ந்துவிடும். எட்டு மாதம் ஆகியும் யாரும் இல்லையே என்று மகளைக் குறை சொல்லாதீர்கள். அவளுக்குக் கிடைத்த மணி நேரம் அவ்வளவுதான்.

ஆக, இரண்டு பேர் தேவைப்படும், கைக்கு வேலை இருக்கும், முடியும் தேதி தெரிந்த ஒரு பொறுப்பைத் தேடுங்கள். எனக்குப் பிடித்தது கிரிக்கெட் ஸ்கோர் எழுதுவது. ஆட்ட விதிகளில் மூன்றாவது விதியே ஸ்கோரர்கள் இரண்டு பேர் என்கிறது. இருவரும் தங்கள் கணக்கை அடிக்கடி ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. பேசியே ஆக வேண்டும், ஆனால் பேச்சு பந்தைப் பற்றியது. கண்ணோடு கண் பார்க்க வேண்டியதில்லை. கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இருக்கை கிடையாது. நூலகத்தில் புத்தகம் அடுக்குவது, நாடகத்துக்கு ஒலியும் விளக்கும் பார்ப்பது இவையும் சரிதான். கேப்டன்கள் ஆள் பொறுக்கும் விளையாட்டு மட்டும் வேண்டாம். கடைசியாக நிற்பது இவளாகத்தான் இருக்கும்.

அழைப்பு உங்களிடமிருந்து வரக் கூடாது. விளையாட்டு ஆசிரியரிடம் சொல்லி, இருவரையும் தனித்தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். ஒருத்தி மறுத்தால் இன்னொருத்திக்கு அது தெரியவே கூடாது.

நட்பு பிடித்துக்கொண்டால் வரும் சிக்கல்கள் வேறு. ஒதுக்கப்பட்ட இருவர் சேர்ந்தால் பேச்சு முழுக்க 'அவர்கள் நமக்குச் செய்ததை'ச் சுற்றியே போகும். ஒரே மனக்குறையைத் திரும்பத் திரும்பப் பேசுவதைப் பற்றி உளவியலாளர் அமாண்டா ரோஸ் 2002-இலிருந்து ஆராய்ந்திருக்கிறார். அதனால் நெருக்கம் கூடுகிறது. பெண் பிள்ளைகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்தே கூடுகின்றன. பேசாதே என்று தடுத்தால் நடக்காது. கையில் இருக்கும் வேலை முடிந்ததும் அடுத்த வேலை தயாராக இருக்கட்டும்.

இன்னொன்று, இருவரில் ஒருத்தியைப் பெரிய கூட்டம் சேர்த்துக்கொள்ளும் நாள் வரலாம். நகரத்தில் என்றால் விலகிப் போய்விடலாம். சின்ன ஊரில் விட்டுவிட்டுப் போனவளும் விடப்பட்டவளும் மறுநாள் காலை ஒரே பேருந்தில்தான் ஏற வேண்டும். போகிறவள் உங்கள் மகளாக இருந்தால், சனிக்கிழமை ஸ்கோர் வேலையை மட்டும் விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடப்படுகிறவள் அவள் என்றால், பழைய ஊர்த் தோழிகளோடு பேசும் போனை அந்த வாரம் பிடுங்கி வைக்காதீர்கள்.

கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று இன்றே விசாரியுங்கள். கிராமப்புறத்தில் பல நட்புகள் முறிவது சண்டையால் அல்ல, வண்டி கிடைக்காமல். ஆட்டம் முடியும் முன்பே பேருந்து போய்விடும் என்றால் நீங்களோ அந்தப் பெண்ணின் வீட்டாரோ முறை வைத்து இருவரையும் அழைத்து வாருங்கள். பின் இருக்கையில் என்ன பேச்சு நடந்தாலும் நீங்கள் கலந்துகொள்ள வேண்டாம், சாலையைப் பார்த்து ஓட்டுங்கள்.