செம்பு பாய்லர் சொட்டுகிறதா? கடைக்குத் தூக்குவதற்கு முன் குனிந்து பாருங்கள்

கேள்வி: ஆனைமலைப் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் மாமியார் காலத்துச் செம்பு பாய்லர் இருக்கிறது, 60 லிட்டர் பிடிக்கும். தென்னை மட்டையும் தொட்டியும் (கொட்டாங்குச்சி) போட்டுத்தான் எரிக்கிறோம். கொஞ்ச நாளாக அடியில் தண்ணீர் சொட்டுகிறது. பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுங்கள் என்கிறார் பாத்திரக்கடைக்காரர். பிளம்பரோ அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டச் சொல்கிறார். பத்த வைத்தால் (ஓட்டையில் உலோகத்தை உருக்கி ஒட்டினால்) நிற்காது என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமை. மாமியார் விற்க விடமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்:

மாமியார் பேச்சைக் கேளுங்கள், அம்மிணி. ஒரு வாரத்துக்காவது அந்த பாய்லரை யாரும் தூக்கிப் போக விடாதீர்கள். நிற்காது என்று சொன்னவர்களில் ஒருவருக்குப் புது பாய்லர் விற்க வேண்டும், இன்னொருவருக்கு கீசரில் கமிஷன் வரவேண்டும். இருவரில் ஒருவராவது குனிந்து அடியைப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில், அது ஒழுகுகிறதா என்பதையே உறுதி செய்துகொள்ள வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விடியற்காலையில் பாய்லர் நிறையக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, ஈர மட்டையைப் போட்டுப் பற்றவைக்கிறீர்கள். விறகு எரியும்போது அதிலிருந்து நீராவி வரும். ஈர விறகென்றால் இன்னும் அதிகம். அந்த ஆவி, பாய்லரின் நடுவில் புகை போகிற நடுக்குழல் வழியாக மேலே போகும்போது குழலின் குளிர்ந்த சுவரில் பட்டு வியர்த்து, சாம்பல் குழியில் சொட்டுச் சொட்டாக விழும். தண்ணீர் வெதுவெதுப்பானதும் சொட்டுவது நின்றுவிடும். மழைக்காலத்தில் இப்படிச் சொட்டுவதைப் பார்த்து ஓட்டை என்று நினைத்து, நல்ல பாய்லரை எடைக்குப் போட்டவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். இப்படி வியர்த்து விழும் தண்ணீர் கறுப்பாக, புகை நாற்றத்தோடு, தொட்டால் பிசுபிசுவென்று இருக்கும். ஓட்டையில் வரும் தண்ணீர் தெளிவாக இருக்கும்.

சந்தேகம் தீர எளிய வழி இருக்கிறது. இரவு சாம்பலை முழுக்க வாரிவிட்டு, குழியைத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பாய்லரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, நெருப்பு மூட்டாமல் விடிய விடிய விட்டுவிடுங்கள். அடியிலும் குழாய் பொருந்தும் இடத்திலும் சாக்பீஸ் பொடியைத் தடவி வையுங்கள். காலையில் பொடி நனைந்திருக்கும் இடம்தான் ஒழுகும் இடம்.

எங்கும் நனையவில்லை என்றால் பாய்லரில் குறை இல்லை, விறகைக் காயவைத்து எரியுங்கள் என்று இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பலரை ஏமாற்றுவது அதுதான். உங்கள் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீராக இருந்தால் உப்பு அதிகம். பல ஆண்டுகள் காய்ச்சிக் காய்ச்சி உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொருக்கு படிந்திருக்கும். ஊசித்துளை அளவு ஓட்டை இருந்தால் அந்தப் பொருக்கே அடைத்துக்கொள்ளும். குளிர்ந்த நிலையில் ஒரு சொட்டும் வராது. நெருப்பு மூட்டிச் செம்பு விரிந்ததும் பொருக்கு விரிசல் விட்டு ஒழுகும், ஆறியதும் மறுபடி அடைபடும். அதனால் இரவுச் சோதனையில் தேறிவிட்டது, ஆனால் தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகும் சொட்டுகிறது, சொட்டும் தண்ணீர் தெளிவாகவும் இருக்கிறது என்றால், பொருக்கை எடுத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். புளித்தண்ணீரோ சிட்ரிக் ஆசிடோ ஊற்றி ஊறவைத்தால் பொருக்கு இளகும். கக்கூஸ் கழுவும் ஆசிட் பக்கமே போகாதீர்கள். மூட்டில் இருக்கும் ஈயத்தையும் குழாயில் இருக்கும் பித்தளையையும் அது தின்றுவிடும். பொருக்கை எடுத்த பிறகு ஒழுக ஆரம்பித்தால், கழுவினதால்தான் கெட்டுப்போச்சு என்று கழுவினவர் மேல் பழி போடுவார்கள். ஓட்டை முன்பே இருந்ததுதான்.

சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் இந்தப் பொருக்குத் தொல்லை அபூர்வம்.

பொடி நனைந்த இடம் குழாயின் அடியில் என்றால் வாஷர் போயிருக்கும். மறையை (நட்டை) கழற்றிப் புது வாஷர் போட்டு இறுக்கினால் வேலை முடிந்தது. அதற்குக் கூடப் பாத்திரக்கடைக்குப் போகிறோம் என்பதுதான் கொடுமை.

அடித்தட்டும் நடுக்குழலும் சேரும் வளையத்தில் நனைந்திருந்தால்தான் உண்மையான வேலை. அங்கே ஏன் விட்டுப்போகிறது? செம்புக்கு ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் தண்ணீர். தண்ணீர் இருக்கிறவரை தகடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. காரீயமும் வெள்ளீயமும் கலந்த ஈயப் பற்று 183 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். அதனால் சாதாரண நாளில் அதற்கு ஆபத்தில்லை. யாராவது தண்ணீர் ஊற்ற மறந்து பற்றவைத்த அன்று, அல்லது பொருக்கு கனமாகப் படிந்து தண்ணீர் தகட்டைத் தொடாமல் போன இடத்தில், சூடு எகிறி ஈயம் உருகி வழிந்துவிடும். இத்தனை வருஷம் நன்றாக இருந்தது, திடீரென்று ஒழுகுகிறது என்று சொல்லும் வீடுகளில் விசாரித்தால், ஒருநாள் காலி பாய்லரை எரித்த கதை ஒன்று வெளியே வரும்.

இனி பத்த வைப்பது. இதில் இரண்டு ரகம். ஒன்று ஈயப் பற்று, இன்னொன்று வெங்காரம் (போராக்ஸ்) தூவிப் பித்தளைப் பொடி வைத்து நெருப்பில் ஊதும் கெட்டிப் பற்று. குழாய் பொருந்தும் இடத்துக்கு ஈயம் போதும். நெருப்பு படும் வளையத்துக்குக் கெட்டிப் பற்றுதான் வேண்டும். மாமியார் காலத்துப் பாத்திரங்களைத் திருப்பிப் பாருங்கள்: செம்பின் மேல் மஞ்சளாக, பல் வரிசை மாதிரி ஒரு கோடு ஓடும். தகட்டின் விளிம்பில் பல் வெட்டி, ஒன்றை ஒன்று கவ்வ வைத்து, பித்தளைப் பொடியை உருக்கி ஓடவிட்ட மூட்டு அது. அந்த மூட்டு விட்டுப்போவது அரிது. விட்டால் பக்கத்துத் தகடு தேய்ந்து போனதாலாகத்தான் இருக்கும்.

செம்பு, பித்தளை வேலை செய்கிற கன்னார் பட்டறையில் இதைச் செய்வதை நின்று பாருங்கள். பழைய பற்றையும் கரியையும் சுரண்டி, செம்பு இளஞ்சிவப்பாகப் பளிச்சிடும்வரை தேய்ப்பார். கை படாமல் வெங்காரத்தைக் குழைத்துப் பூசுவார். பற்றை நேராகச் சூடாக்க மாட்டார், தகட்டைத்தான் சூடாக்குவார். தகடு நன்றாகச் சிவந்ததும் பொடி திடீரென்று கண்ணாடி போலப் பளபளத்து இடுக்குக்குள் தானாக ஓடும். அந்தக் கணத்தில் நெருப்பை விலக்க வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தாலும் மெல்லிய தகடு ஓட்டை விழும். தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்காமல் தானாக ஆறவிடுவார். அழுக்குத் தகட்டின் மேல் ஈயத்தைக் குவித்துவைத்து, உருண்டை உருண்டையாக நிற்க விட்டுவிட்டு பத்த வைத்தாச்சு என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அது இடுக்கில் இறங்கவே இல்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது.

கன்னார் கிடைக்காவிட்டால் ஏசி மெக்கானிக்கைப் பிடியுங்கள். செம்புக் குழாய்களைத் தினமும் பற்றவைக்கிற கை அவருடையது. பாஸ்பரஸ் கலந்த செம்புக் கம்பி வைத்திருப்பார். செம்போடு செம்பு சேர்க்க அதற்கு வெங்காரம்கூடத் தேவையில்லை. பித்தளை இருந்தால் தேவை. இரும்புத் துண்டோடு அந்தக் கம்பியில் பற்ற வைக்கச் சொல்லாதீர்கள், மூட்டு நொறுங்கிவிடும். எம்-சீல் மாதிரிப் பசைகள் நெருப்புக்குச் செய்ததல்ல. அதை அப்பிக்கொண்டு போனால், பிறகு பத்த வைக்க வருகிறவர் அதைச் சுரண்டி எடுக்கவே அரைநாள் கூலி கேட்பார்.

ஒரு முக்கியமான விஷயம். எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 60/40 ஈயக் கம்பியில் 40 பங்கு காரீயம், வயிற்றுக்குள் போனால் விஷம். குளிக்கும் தண்ணீர்தானே என்பீர்கள். மார்கழிக் குளிரில் பாய்லரிலிருந்து ஒரு சொம்பு மொண்டு காபிக்கு வைக்காத வீடு நம் ஊரில் உண்டா? காரீயம் கலக்காத கம்பியைக் கேளுங்கள். முறைத்தால் வேறு ஆள் பாருங்கள்.

இந்த வேலைக்கு ஆள் இல்லை என்று எல்லாரும் புலம்புகிறோம். எப்படி இருப்பார்கள்? பிளம்பர் படிப்பு முடித்துச் சான்றிதழோடு வருகிற பையன் கையில் செம்புக் குழாயைக் கொடுத்தால் பசை டப்பாவைத் தேடுகிறான். அவன்மேல் குற்றமில்லை, பிளாஸ்டிக் குழாய் ஒட்டத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பட்டறையில் ஊதிக்கொண்டிருப்பவருக்குச் சான்றிதழ் இல்லை, அதனால் எந்த டெண்டரிலும் அவர் பெயர் வராது. திருப்பூர் அனுப்பர்பாளையம் பகுதியில் செம்பு, பித்தளைப் பாத்திரப் பட்டறைகள் இன்றும் ஓடுகின்றன. அங்கே நேராகப் போங்கள். கடைக்காரரிடம் கொடுத்தால் அவரும் அங்கேதான் அனுப்பி, கூலியை ஏற்றி உங்களிடம் வாங்குவார்.

இனி அந்த எக்ஸ்சேஞ்ச் விவகாரம். இதில் தெரிந்தே ஏமாற்றுகிறார்கள் என்பது என் தீர்மானமான கருத்து. செம்பு விலை பித்தளையைவிட அதிகம். ஆனால் குழாயும் வளையமும் பித்தளை என்பதைக் காட்டி, முழுவதற்கும் பித்தளை விலை போடுவார்கள். பிறகு கரி, பொருக்கு, பற்று என்று கழிவு கழிப்பார்கள். கழித்த பிறகும் தராசு சரியாக இருக்கிறதா என்பது தனிக்கேள்வி. எடைக்கருவியில் தொழிலாளர் துறை முத்திரை இருக்க வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர்கள் மளிகைக்கடைத் தராசைப் பார்ப்பதோடு சரி. பழைய உலோகம் போடும் தராசை எட்டிப் பார்த்து நான் கண்டதில்லை. கொடுக்கத்தான் வேண்டும் என்றால் வேறு இடத்தில் எடை பார்த்துக்கொண்டு போங்கள்.

புதிதாகக் கொடுப்பது என்ன தெரியுமா? வெளியே பளபளவென்று செம்பு, உள்ளே நடுக்குழல் இரும்பு. ஒரு காந்தத்தை எடுத்துப்போய்க் குழலுக்குள் விட்டுப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு. சுடுதண்ணீரில் செம்போடு சேர்ந்த இரும்பு சீக்கிரம் துருப்பிடித்துப் போகும். நல்ல செம்பென்றாலும் தகடு மெலிசாகிவிட்டது. லிட்டர் கணக்கில் விலை கேட்காமல், பாய்லர் எத்தனை கிலோ என்று கேட்டு, உங்கள் பழைய பாய்லரின் எடையோடு ஒப்பிடுங்கள். அதே கொள்ளளவுக்குப் பாதி எடை இருந்தால் மீதியை நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டச் சொன்ன பிளம்பரைத் திரும்பக் கூப்பிடாதீர்கள். எரிவாயு முழுக்க எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடின அறையில் மயக்கம் வருவது தெரியாமலே ஆள் விழுந்துவிடுவார். புகைக்குழாய் வெளியே விட்டிருந்தாலும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று வீசும் உங்கள் பக்கத்தில் அது எதிர்க்காற்றில் உள்ளே திரும்பக்கூடும். கீசரை வெளிச்சுவரில் மாட்டித் தண்ணீரை மட்டும் உள்ளே கொண்டுவருவதானால் சரி. கரண்ட் கீசர் வாங்கினால் 25 லிட்டர் ஒருமுறை சூடாக ஏறக்குறைய ஒரு யூனிட். ஐஎஸ்ஐ முத்திரை, 16 ஆம்பியர் பிளக், நல்ல எர்த் இருந்தால் போதும்; மேலே சொல்ல ஒன்றுமில்லை.

பாய்லரை வைத்துக்கொண்டு குளியலறைக்குக் குழாய் இழுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், முதல் சில அடிக்குச் செம்பு அல்லது ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் போடச் சொல்லுங்கள். சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் 93 டிகிரிவரைதான் தாங்கும். விறகு பாய்லர் கொதிநிலைக்கே போகும். அதைவிட முக்கியம், பாய்லர் மூடியைத் திருகி இறுக்கி, மேல்தொட்டித் தண்ணீரை நேராகக் கொடுக்க விடாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1600 லிட்டர் ஆகும். போக வழி இல்லாவிட்டால் பாய்லர் வெடிக்கும். மூடி எப்போதும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

எப்போது மாற்றியே ஆக வேண்டும்? காலியாக இருக்கும்போது நடுக்குழலை உள்பக்கமாகக் கட்டை விரலால் அழுத்துங்கள். தகடு வளைந்து கொடுத்தால் தேய்ந்துவிட்டது. அந்த இடத்தில் பற்று வைத்தால் பக்கத்தில் ஓட்டை விழும். அப்போதும் முழு பாய்லரை மாற்ற வேண்டியதில்லை. குழலை மட்டும் அறுத்தெடுத்துப் புதுச் செம்புக் குழல் போட்டுத் தருவார்கள். கூலியையும் செம்பின் எடையையும் தனித்தனியாக எழுதி பில் வாங்குங்கள், பழைய குழலைத் திரும்பக் கேளுங்கள். பட்டறைக்கு எடுத்துப்போகும்போது இரும்புச் சல்லடையையும் ஸ்டாண்டையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். பித்தளைக் குழாயை மட்டும் பாய்லரோடு அனுப்புங்கள், அது பொருந்தும் இடத்தையும் ஒரேயடியாகப் பார்த்துவிடுவார்கள்.