ஹெபடைட்டிஸ் பி இருப்பவர் முடக்குவாத மருந்து சாப்பிடலாமா?

கேள்வி: வயது 42. ஹெபடைட்டிஸ் பி கிருமி இருப்பது பல வருடமாகத் தெரியும். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. ரத்தப் பரிசோதனை எப்போதும் நார்மல், மருந்து எடுத்ததில்லை. இப்போது முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட்டும் ஸ்டீராய்டும் எழுதியிருக்கிறார்கள். கேட்காவிட்டால் ரிட்டுக்ஸிமாப் ஊசியாம். கல்லீரலுக்கு ஆபத்தா?

பதில்: ஆபத்து உண்டு, முன்கூட்டியே தடுக்கவும் முடியும். மூட்டு டாக்டரிடம் ஹெபடைட்டிஸ் பி பற்றிச் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால், முதல் மாத்திரைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இந்த வைரஸ் கல்லீரல் செல்லின் உட்கருவில் தங்கிவிடும். அதை அடக்கி வைத்திருப்பது உங்கள் எதிர்ப்பு சக்திதான். முடக்குவாத மருந்துகள் அந்த எதிர்ப்பு சக்தியைக் குறைத்ததும் வைரஸ் பெருகும். அப்போதும் எஸ்.ஜி.பி.டி. நார்மலாகவே இருக்கலாம், உடம்பிலும் ஒன்றும் தெரியாது. மருந்தைக் குறைக்கும்போதோ நிறுத்திய பிறகோ எதிர்ப்பு சக்தி மீண்டு வந்து, வைரஸ் புகுந்த செல்களைத் தாக்கும். மஞ்சள் காமாலை பெரும்பாலும் அப்போதுதான் வரும். சிலருக்குக் கல்லீரலே செயலிழந்துவிடும். ‘மருந்தைத்தான் நிறுத்திவிட்டோமே’ என்று அசட்டையாக இருப்பது அதனால்தான் தப்பு.

மருந்துக்கு மருந்து ஆபத்து மாறும். ரிட்டுக்ஸிமாப் முதலிடம். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 20 மி.கி. அல்லது அதற்கு மேல் நான்கு வாரம் தாண்டினால் அதுவும் அதிகம்தான், 10 மி.கி.க்குக் கீழே ஆபத்து அதைவிடக் குறைவு. மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் என்றால் வைரஸ் கிளம்பும் வாய்ப்பு குறைவு. ஆனால் அதுவே கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. எஸ்.ஜி.பி.டி. ஏறினால் காரணம் மருந்தா வைரஸா என்பதை ஹெச்.பி.வி. டி.என்.ஏ. அளவை, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்பதைப் பார்த்தே பிரிக்க முடியும். எனவே சிகிச்சைக்கு முன்பே அந்த அளவை ஒருமுறை எடுத்து வையுங்கள். கூடவே கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), ஹெச்.ஐ.வி., ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரல் இறுகியிருக்கிறதா என்று பார்க்க).

உங்களுக்குத் தடுப்பு மாத்திரை தேவைப்படும் என்றே நினைக்கிறேன். என்டெகாவிர் 0.5 மி.கி. தினம் ஒன்று, வெறும் வயிற்றில்: சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் முன்பாக. சிறுநீரகம் பலவீனமானால் அளவை மாற்ற வேண்டும். டெனோஃபோவிர் அலாஃபெனமைடு 25 மி.கி. என்றால் சாப்பாட்டோடு. பழைய லாமிவுடின் வேண்டாம். நாளாக ஆக வைரஸ் அதற்குப் பழகிவிடும். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்துக்கு முன்பே, முடியாவிட்டால் அதோடு சேர்த்தே, தடுப்பு மாத்திரையைத் தொடங்க வேண்டும். அந்த மருந்து நின்ற பிறகும் 6 முதல் 12 மாதம் தொடர வேண்டும். ரிட்டுக்ஸிமாப் என்றால் குறைந்தது 12 மாதம், 18 மாதம் சொல்பவர்களும் உண்டு. மாத்திரையை நிறுத்திய பிறகும் ஒரு வருடம் ரத்தப் பரிசோதனை தொடரட்டும். மாத்திரை தீர்ந்துபோய் ஒரு வாரம் விட்டுவிடுவது, ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று தானே நிறுத்துவது இரண்டும் கூடாது.

கேள்வி: என் அப்பாவுக்கு லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். ஹெபடைட்டிஸ் பி பரிசோதனையில் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. (கிருமியின் மேலுறைப் புரதம்) நெகட்டிவ், ஆன்ட்டி ஹெச்.பி.சி. (கிருமிக்கு எதிராக உருவான ஆன்ட்டிபாடி) பாசிட்டிவ். ரிட்டுக்ஸிமாப் கொடுக்கப் போகிறார்கள். பயப்பட வேண்டுமா?

பதில்: எப்போதோ கிருமி வந்து அடங்கியதன் அடையாளம் அது. ரிட்டுக்ஸிமாப் என்பதால் அவருக்கும் தடுப்பு மாத்திரை வேண்டும், நெகட்டிவ் என்று விட்டுவிடாதீர்கள். ஆன்ட்டி ஹெச்.பி.எஸ். என்ற பாதுகாப்பு ஆன்ட்டிபாடி இருந்தாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. சமீபத்தில் இம்யூனோகுளோபுலின் (ரத்த தானம் செய்தவர்களிடமிருந்து எடுத்த ஆன்ட்டிபாடி மருந்து) ஏற்றியிருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். தானம் செய்தவரின் ஆன்ட்டிபாடியே இந்தப் பாசிட்டிவைக் காட்டியிருக்கலாம்.