எட்டு அவுன்ஸ் மாவு

வணக்கம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தை வைத்து ஒரு கதை எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். 1944இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸி நகரில் ஒரு பெண் அமெரிக்கச் சிப்பாயைச் சந்திக்கிறாள். இரண்டே வாரத்தில் திருமணம். அவனோடு கப்பலேறி நியூயார்க்கில் இறங்கி அமெரிக்கக் குடிமகளாகிறாள். பிறகு நெப்ராஸ்காவில் ஒரு பண்ணை வீடு, தீராத ஊர் ஏக்கம். அதற்கான வெல்ஷ் சொல்லான ‘ஹிரைத்’தை ஏழு இடங்களில் வைத்திருக்கிறேன். ஆனாலும் ஏக்கம் மனதில் தைக்கவில்லை என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யலாம்? நாயகனைக் கறுப்பினத்தவனாக மாற்றினால் ஆழம் கூடுமா? தலைப்பு சரியா?

ம., கோவை

அன்புள்ள ம.,

போர்க்காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்களை மணந்த பிரிட்டிஷ் பெண்களைப் பற்றியே சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில். அந்தப் பெண்மேல் உங்களுக்கு இருக்கும் பிரியம் வரிக்கு வரி தெரிகிறது. ஆனால் பிரியப்பட்டவளைப் பற்றி இவ்வளவு அலட்சியமாகவா விசாரிப்பது?

இரண்டு வாரத்தில் கல்யாணம் நடக்காது. 1942 ஜூனிலிருந்து, வெளிநாட்டில் இருந்த அமெரிக்கச் சிப்பாய் எவனும் தன் படை அதிகாரியின் அனுமதி இல்லாமல் மணம் முடிக்க முடியாது. மனுப் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் அவன் படைப்பிரிவு பிரான்ஸின் நார்மண்டிப் போர்முனைக்குக் கிளம்பிவிட்டால் கல்யாணம் அந்தரத்தில் நிற்கும். அவனோடு சேர்ந்து கப்பலேறுவதும் இல்லை. போர் முடிந்ததும் கப்பல்கள் முதலில் வீரர்களை ஏற்றிக்கொண்டுதான் போயின. 1945இல் மனைவிமார் கைக்குழந்தைகளோடு லண்டனில் கூடிக் கப்பல் கேட்டார்கள். குடியேற்ற ஒதுக்கீட்டைத் தாண்டி இவர்களை உள்ளே விடும் அமெரிக்கச் சட்டம் 1945 டிசம்பர் 28இல்தான் வந்தது. அதன்பின் இங்கிலாந்தின் வில்ட்ஷைரில் டிட்வொர்த் என்ற ராணுவ முகாமில் தங்கல், தாள்கள் சரிபார்ப்பு. கூச்சம் பிடுங்கித் தின்னும் உடல் பரிசோதனையும் உண்டு. முதல் கப்பல் ‘அர்ஜென்டீனா’ 1946 ஜனவரி 26இல் சவுத்தாம்ப்டனை விட்டுப் புறப்பட்டது. 452 மணப்பெண்கள், 173 குழந்தைகள். பிப்ரவரி 4இல் நியூயார்க். குடியுரிமை கையோடு கிடைத்துவிடவும் இல்லை. மணம் செய்தாலே குடிமகள் என்ற விதியை அமெரிக்கா 1922இலேயே எடுத்துவிட்டது.

உங்கள் கதையில் இது அத்தனையும் ‘கப்பல் கிளம்பியது’ என்ற இரண்டு சொல்லில் முடிந்துவிட்டது. அவள் வாழ்க்கையில் அது ஒன்றரை வருடம்.

கறுப்பினச் சிப்பாயாக மாற்றினால் கதையே வேறு. அதிகாரியின் அனுமதி அநேகமாகக் கிடைக்காது. அன்றைய அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அந்தத் திருமணமே சட்டவிரோதம். உச்ச நீதிமன்றம் அதை உடைத்தது 1967இல். பிரிட்டனில் கறுப்பின அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிறந்த குழந்தைகள் ஏறக்குறைய 2,000 பேர். அவர்களில் பலர் குழந்தைகள் காப்பகங்களில் வளர்ந்தார்கள். ஆழம் கூட்டுவதற்காக அவனைத் தொடாதீர்கள். எழுதுவதானால் அவனுக்காகவே எழுதுங்கள்.

தலைப்பை விடுங்கள், எதுவாகவும் இருக்கட்டும்.

ஹிரைத்துக்கு வருகிறேன். ஏழு இடங்களிலும் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். 1931 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசியவர்கள் வேல்ஸில் 37 சதவீதம்தான். ஸ்வான்ஸி நகரத்துப் பெண்ணுக்கு ஆங்கிலம் மட்டுமே தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். அவள் வாயில் வெல்ஷ் வேண்டுமென்றால் வீட்டை ஸ்வான்ஸி பள்ளத்தாக்கின் மேற்பகுதிக்குக் கொண்டுபோங்கள். பாட்டியை அங்கே ‘மாம்கீ’ என்பார்கள்.

ஏக்கத்துக்கான பொருள் உங்கள் மூன்றாம் பக்கத்திலேயே கிடக்கிறது, நீங்கள்தான் கவனிக்கவில்லை. அவன் முதன்முதலாக வீட்டுக்கு வரும்போது மேசையில் வெல்ஷ் கேக் இருக்கிறது. இரும்புக்கல்லில் சுடும் சின்ன வட்டங்கள் அவை. அளவு இதுதான்: மாவு 8 அவுன்ஸ், வெண்ணெயும் பன்றிக்கொழுப்பும் பாதிப் பாதியாக 4 அவுன்ஸ், சர்க்கரை 3 அவுன்ஸ், ஒரு பிடி உலர்திராட்சை, ஒரு முட்டை, சிட்டிகை மசாலாப் பொடி. அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, மிதமான சூட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடம். கல் அதிகமாகக் காய்ந்துவிட்டால் மேலே கருகும், நடுவில் பச்சை மாவாக நிற்கும்.

இப்போது ரேஷனைப் பாருங்கள். போரின் பெரும்பகுதியில் ஓர் ஆளுக்கு வாரத்துக்கு வெண்ணெய் 2 அவுன்ஸ், சமையல் கொழுப்பு 2 அவுன்ஸ் அளவில்தான் கிடைத்தது. அந்த 4 அவுன்ஸ், வீட்டில் ஒருவரின் ஒரு வாரப் பங்கு முழுவதும். அந்தத் தட்டை அம்மா அவன் முன்னால் நகர்த்தி வைக்கிறாள். நீங்கள் ‘பலகாரங்கள் பரிமாறப்பட்டன’ என்று எழுதியிருக்கிறீர்கள்!

நெப்ராஸ்காவில் அவள் அதைச் செய்து பார்க்கட்டும். பிரிட்டனில் மாவைத் தராசில் நிறுப்பார்கள், அமெரிக்காவில் கோப்பையில் அளப்பார்கள். மாமியாரின் அளவுக்கோப்பையில் 8 அவுன்ஸ் என்று கோடு இருக்கிறது. அது கொள்ளளவு, எடை அல்ல. ஒரு கோப்பை மாவின் எடை ஏறக்குறைய நாலேகால் அவுன்ஸ்தான். வெண்ணெயோ அங்கே கால் பவுண்டுக் கட்டியாக வருகிறது, கச்சிதமாக 4 அவுன்ஸ். ஆக, கொழுப்பு சரியாக இருக்கும், மாவு பாதிதான் இருக்கும். பிசைந்தால் கையோடு ஒட்டும், தேய்க்க வராது. கல்லில் போட்டால் உருகிப் பரவும். அடுத்த முறை மாவைக் கூட்டுகிறாள். இப்போது வட்டம் வருகிறது, ஆனால் ஓடு மாதிரி. ஏனென்றால் அம்மாவின் மாவில் பேக்கிங் பவுடர் கலந்தே வரும். இங்கே வீட்டில் இருப்பது வெறும் மாவு. இரண்டு டீஸ்பூன் தனியாகச் சேர்க்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. அம்மாவுக்கு எழுதிக் கேட்கலாம்தான். ஆனால் அம்மாவுக்கும் தெரியாது. அவள் வாழ்நாளில் கோப்பையால் மாவு அளந்தவள் இல்லை.

இந்த இடத்தில் அவளை அழவைக்காதீர்கள். மூன்றாவது முறை பிசையட்டும்.

பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டனில் அவளைக் குடிவைத்திருந்தால் கதை இளகிப்போயிருக்கும். வெல்ஷ் சுரங்கத் தொழிலாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே குடியேறிய ஊர் அது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் யாராவது ஒரு கிழவி அளவைச் சொல்லியிருப்பாள். நீங்கள் நெப்ராஸ்காவில் விட்டிருக்கிறீர்கள். அங்கேயே இருக்கட்டும். திருத்தியதும் அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.